பிரேக் வேலை நானே பாத்ததுதானுங்க

அந்தப் போட்டோவை இன்னொரு தடவை காட்டுங்க தம்பி. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்துக்கிட்டு உங்க போனை எட்டிப் பாக்கறேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. பழைய வண்டிப் படம் எங்க தெரிஞ்சாலும் எனக்குக் கழுத்து தானா திரும்பிரும். ஸ்டாண்டர்ட் ஹெரால்டுங்களா? நல்ல வண்டிதானுங்க. வாங்கலாம்னு இருக்கீங்க. சரி. ஒரு பழைய வண்டிக்காரனுக்கு எவ்வளவு மெக்கானிக் வேலை தெரிஞ்சிருக்கணும்னு கேட்டீங்க பாருங்க, அந்தக் கேள்வியை வாங்கறதுக்கு முன்னாடி யாருமே கேக்கறதில்ல. வாங்கிட்டு அப்புறம் ரோட்டோரமா பானெட்டைத் தொறந்து வச்சுக்கிட்டு நிப்பாங்க, உள்ள பாம்பு கெடக்கற மாதிரி எட்ட நின்னு பாத்துக்கிட்டு.

எவ்வளவு தெரிஞ்சிருக்கணும்னா, எல்லாம் தெரிஞ்சிருக்கணுமுங்க. அவ்வளவுதான் பதில். கொஞ்சம் தெரிஞ்சா போதும், மிச்சத்துக்கு ஆள் இருக்குதுன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் என்ற வீடே இன்னிக்கு ரெண்டா நிக்குது. நான் கேக்கலீங்க. என்ற சம்சாரம் கேட்டா.

கோத்தகிரி வரைக்கும் வர்றீங்களா? அப்ப நேரம் இருக்குது, சொல்றேன்.

என் பேரு குழந்தைவேலு. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுல மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவன். ஸ்பின்னிங் மெஷின் ஓடற சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகுதுன்னு சொல்லிருவேன். பெருமைக்குச் சொல்லலீங்க, மில்லுல யாரை வேணா கேட்டுப் பாருங்க. அந்த மில்லு குடோனுக்குப் பின்னாடி ஒரு மோரிஸ் மைனர் கெடந்துச்சு. பழைய மொதலாளி ஓட்டுன வண்டி. கண்ணாடி இல்ல, சீட்டு இல்ல, உள்ள வேலிக்காத்தான் மொளைச்சிருந்துச்சு. நான் ரிட்டயர் ஆகும்போது, உனக்கு என்ன வேணும் குழந்தைவேலுன்னு சின்ன மொதலாளி கேட்டாரு. அதைக் காட்டுனேன். சிரிச்சுட்டு எடுத்துக்கிட்டுப் போன்னுட்டாரு.

அப்படி வந்த வண்டிங்க அது. வீட்டு ஷெட்டுல வச்சு ஒவ்வொரு திருகா நானே கழட்டி நானே மாட்டுனது. ஒரு மெக்கானிக் கை பட்டதில்ல. பெயிண்ட் மட்டும் வெளிய குடுத்தேன், அதுவும் நான் பக்கத்துல நின்னேன்.

சம்பூர்ணம்தான் டார்ச் புடிப்பா. சம்பூர்ணம்ங்கறது என்ற சம்சாரம். டார்ச் புடிக்கறதுல அவளை மாதிரி ஆளில்லீங்க. எங்க காட்டணும்னு சொல்லவே வேண்டாம், என் கை போற எடத்துக்கு வெளிச்சம் வந்துரும். பையன் பெங்களூர்ல இருக்கான், வீட்ல நாங்க ரெண்டு பேருதான். சாயங்காலம் ஆனா நான் வண்டிக்கு அடியில, அவ முக்காலி போட்டு உக்காந்து டார்ச்சோட. எத்தனை வருஷம் அப்படி. ரெண்டு பேரும் சேந்து இருந்தோம்ங்கறது அந்த ஷெட்டுலதான். இதை நான் அவகிட்டயும் சொன்னேன், போன மாசம். அவ என்ன சொன்னா தெரியுங்களா? "நீங்க வண்டிகூட இருந்தீங்க. நான் டார்ச்சுகூட இருந்தேன்." இப்படிப் பேசறா இப்பெல்லாம்.

வண்டி ஓட ஆரம்பிச்சா எங்க போலாம்னு மட்டும் அப்பப்பக் கேப்பா. மொதல்ல ஓடட்டும்பேன். ஓட ஆரம்பிச்சப்புறம், மொதல்ல செட் ஆகட்டும்னேன். அவளுக்கு ஆசையெல்லாம் கோத்தகிரிதான். தங்கச்சி தேவகியை அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு. தேவகி வீட்டுக்காரருக்கு டீ ஃபேக்டரில வேலை. அந்த வீட்டு வாசல்ல இந்த வண்டில போய் எறங்கணும், அவ்வளவுதான் அவ கேட்டது. மலையேத்தறதுன்னா சும்மாங்களா? கூலிங் பாக்கணும், கிளட்ச் பாக்கணும். ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே இருந்தேன். அப்படியே நாலஞ்சு வருஷம் ஓடிப்போச்சு.

இப்ப ஃப்ளாரன்ஸ் டாக்டரைப் பத்திச் சொல்லணும். எங்க ஊர்ல பழைய வண்டிக்காரங்க சங்கம் ஒண்ணு இருக்குதுங்க. மாசம் ஒரு தடவை கூடுவோம். அதுல இந்தம்மா ஒரு மெம்பர். பல் டாக்டர். அவங்க அப்பா வச்சிருந்த பியட் கார் இப்ப அவங்ககிட்ட. பானெட்டை எப்படித் தொறக்கறதுன்னுகூடத் தெரியாது. நான் பொய் சொல்லலீங்க, ஒரு தடவை என் கண்ணு முன்னாடியே தேடுனாங்க. ஆனா அந்த வண்டி எல்லா எடத்துக்கும் வரும். கல்யாணத்துக்கு வரும், சர்ச்சுக்கு வரும், கேரளாவுக்குப் போய்ட்டு வரும். ஏதாவது சத்தம் வந்தா உடனே ஓரம் கட்டிருவாங்க, போனை எடுத்துருவாங்க. அவ்வளவுதான் அவங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் வேலை. என் வண்டி ஷெட்டுலயே இருக்கும், வேலை நடந்துக்கிட்டே இருக்கும், இந்தம்மா வண்டி ஊரைச் சுத்திக்கிட்டே இருக்கும். பாக்கறவங்களுக்கு எது நல்ல வண்டின்னு தோணும் சொல்லுங்க? ஓடற வண்டிதான் நல்ல வண்டின்னு ஜனங்க நினைக்குது.

சங்கத்துல நான் ஒரு யோசனை சொன்னேன். வெளியூர் பயணம் வர்ற மெம்பர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு பரீட்சை வைக்கணும்னு. பெருசா ஒண்ணுமில்லீங்க. கார்புரேட்டரைக் கழட்டி மாட்டணும், பாயின்ட் செட் பண்ணணும், பிரேக் அட்ஜஸ்ட் பண்ணணும். இது தெரியாதவங்க வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவர்றது மத்தவங்களுக்கு ஆபத்து. இதுல என்ன தப்பு? நான் யாரு பேரையும் சொல்லல. எல்லாரும் அந்தம்மாவைத்தான் பாத்தாங்க, அதுக்கு நான் என்ன பண்றது.

டாக்டர் கோபப்படல. டீ கப்பைக் கீழ வச்சுட்டுக் கேட்டாங்க, "அப்ப என்கிட்ட வர்றவங்க எல்லாருக்கும் பல்லு புடுங்கத் தெரிஞ்சிருக்கணும்ங்கறீங்களா சார்?"

எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். ஆனா ஓரத்துல குடும்பத்தோட வந்தவங்க உக்காந்திருந்தாங்க பாருங்க, அங்க சம்பூர்ணமும் சிரிச்சா. சும்மா சிரிக்கலீங்க, முந்தானையை வாய்ல வச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்து எத்தனையோ நாள் ஆச்சு. என்னைப் பாத்துச் சிரிக்கறதுக்கா அதை மிச்சம் வச்சிருந்தா?

யோசனை எடுபடல. ஆனா அதே கூட்டத்துல டிசம்பர்ல கோத்தகிரிக்கு எல்லாரும் வண்டியோட போறதுன்னு முடிவாச்சு. நான் உடனே பேரு குடுத்துட்டேன். இனிப் பாத்துக்கிட்டு இருக்க முடியாதில்லீங்களா? காட்டணுமில்லீங்களா?

மலைக்குப் போறதுன்னா பிரேக்தான் முக்கியம். ஏறும்போது எஞ்சின், எறங்கும்போது பிரேக். அதனால பிரேக்கை மொத்தமா கழட்டுனேன். இந்தப் பழைய வண்டில எல்லாத்துக்கும் மூலம் மாஸ்டர் சிலிண்டருங்க. நீங்க பெடலை மிதிச்சா, பிரேக் ஆயிலை நாலு சக்கரத்துக்கும் தள்ளிவிடறது அதுதான். டிரைவர் காலுக்கு நேர் கீழ, தரைத் தகட்டுக்கு அடியில உக்காந்திருக்கும். அதுக்குள்ள சின்னச் சின்ன ரப்பர் இருக்கும். அதையும் சக்கரத்துல இருக்கற சிலிண்டரையும் கழட்டி, நல்லா மண்ணெண்ணெய்ல ஊறவச்சுக் கழுவி, புது ரப்பர் போட்டு, அதையும் ஒரு தடவை கழுவித் தொடைச்சு மாட்டுனேன். மில்லுல அப்படித்தானுங்க. எதைக் கழட்டுனாலும் மண்ணெண்ணெய்ல கழுவாம மாட்ட மாட்டோம். அவ்வளவு வருஷம் அப்படித்தான் செஞ்சேன், ஒரு மெஷின் என்னைக் கைவிட்டதில்ல.

சம்பூர்ணம் டார்ச் புடிச்சுக்கிட்டே கேட்டா, "ஏனுங்க, பிரேக்குங்கறீங்க. தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் ஒரு தடவை பாத்துட்டா நல்லதில்லீங்களா?"

தெரிஞ்சவங்க! நான் யாருங்க அப்ப? எனக்கு வந்துச்சே கோபம். டாக்டரம்மா சொல்லிக் குடுத்தாங்களான்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவ டார்ச்சை மட்டும் சரியாப் புடிச்சா.

போற அன்னிக்கு என்ன சந்தோஷம் அவளுக்கு. தேவகிக்குப் புடவை, குழந்தைங்களுக்கு மைசூர்பாகு, எல்லாம் பின் சீட்டுல. புதுசா ஒரு கூலிங் கிளாஸ்கூட வாங்கியிருந்தா, எனக்குத் தெரியாம. போட்டுக்கலாமான்னு கேட்டா. போட்டுக்கன்னேன். இந்த ரோட்டுலதானுங்க ஏறுனோம். வண்டி கொஞ்சம் பாரமா இழுத்துச்சு. மலைன்னா அப்படித்தான். பெடல் மிதிச்சுட்டுக் காலை எடுத்தா மெதுவாத் திரும்பி வந்துச்சு. புது ரப்பர் பழகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும்.

தேவகி வீட்டு வாசல்ல எறங்குனோம். அக்கம்பக்கத்துல எல்லாம் வந்து பாத்தாங்க. தேவகி வீட்டுக்காரர் மனோகரன் வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தாரு. நான் பானெட்டைத் தொறந்து அவருக்கு விளக்கிக்கிட்டிருந்தேன். சம்பூர்ணம் சும்மா இருக்காம முன் சக்கரத்துக்கிட்டக் கையைக் கொண்டுபோயிட்டு, இது இப்படிச் சுடுதேங்கன்னா. உராய்வுன்னா சூடு வரும்னு சொன்னேன். மலையேறி வந்த வண்டி பின்ன ஐஸ் மாதிரியா இருக்கும்? எல்லாருக்கும் முன்னாடி கேட்டா பாருங்க.

அப்புறம் எல்லா வண்டியும் நிக்கற மைதானத்துக்குப் போய், சாப்பிட்டு, பேசி, பரிசெல்லாம் குடுத்தாங்க. என் வண்டிக்கு ஒரு பரிசு கிடைச்சுது. சொந்தமா புதுப்பிச்ச வண்டின்னு. டாக்டரம்மாதான் பலமாக் கைதட்டுனாங்க. அதுல கிண்டல் இருந்துச்சான்னு எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

மதியத்துக்கு மேல எறங்க ஆரம்பிச்சோம். அரவேணு ஊரைத் தாண்டுனதும் ஒரு தீஞ்ச வாடை. சம்பூர்ணம் மூக்கைப் பொத்திக்கிட்டு, நம்ம வண்டியாங்கன்னு கேட்டா. முன்னாடி ஒரு லாரி போய்க்கிட்டிருந்துச்சு. அதோட பிரேக் வாடைன்னேன். லாரி ஒரு எடத்துல ஒதுங்கி நின்னுருச்சு. நாங்க தாண்டி வந்துட்டோம். வாடை போகல. காத்து இந்தப் பக்கம் அடிக்குதுன்னேன். ஓரமா நிறுத்திப் பாத்தா என்னன்னா. நிறுத்துனா பின்னாடி வர்ற டாக்டரம்மாவும் வந்து நின்னு என்னாச்சு சார்னு கேப்பாங்க. எனக்கே காரணம் தெரியும்போது எதுக்கு நிறுத்தணும்?

இன்னும் கொஞ்ச தூரத்துல அந்த வளைவு வரும் தம்பி. காட்டறேன்.

அந்த வளைவுக்கு முன்னாடி நேர் எறக்கம். பெடலை மிதிச்சேன். ஒண்ணுமே இல்லீங்க. அப்படியே தரை வரைக்கும் போயிருச்சு. தண்ணிக்குள்ள கால் வச்ச மாதிரி. மறுபடி மிதிச்சேன், மறுபடி மிதிச்சேன், எதுவும் கிடைக்கல. இந்த மாதிரி நேரத்துல பதறக் கூடாது. நான் பதறல. எனக்கு உடனே தெரிஞ்சு போச்சு எங்க கோளாறுன்னு. ஆயில் சூடேறிக் கொதிச்சிருக்கு. அப்ப மாஸ்டர் சிலிண்டர் அழுத்தத்தைத் திருப்பி விடல. வாய் விட்டே சொன்னேன், மாஸ்டர் சிலிண்டர்தான், மாஸ்டர் சிலிண்டர்தான்னு. சொல்லிக்கிட்டே கியரைக் குறைக்கப் போனேன். அதுதான் சரியான முறை. கியரைக் குறைச்சு எஞ்சினை வச்சு வேகத்தைப் புடிக்கணும்.

அதுக்குள்ள இவ ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டா.

ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இருக்குமுங்க அது. ஒரே இழுப்பு, ரெண்டு கையாலயும், மேல வரைக்கும். அந்த வேகத்துல அப்படி இழுக்கவே கூடாது தம்பி. விட்டு விட்டு இழுக்கணும். பின் சக்கரம் ரெண்டும் பூட்டிக்கிச்சு, வண்டி வால் வீசுச்சு, மூஞ்சி இடது பக்கம் திரும்பி மலைச் சரிவுல போய் மோதிருச்சு. நின்னுருச்சு. வலது பக்கம் பள்ளம். சரி, அந்தப் பக்கம் போகல. அதை நான் ஒத்துக்கறேன். ஆனா இடது முன் மட்கார்டு அப்பளம் மாதிரி ஆயிருச்சு. அந்தத் தகடு இப்ப கெடைக்கறதில்லீங்க. அந்தக் கனத்துல இப்ப யாரும் போடறதில்ல. அவ உக்காந்திருந்த பக்கம்தான் மோதுச்சு. அவளுக்கும் தோள்ல நல்ல அடி. கதவு உள்ள வந்திருச்சு. கூலிங் கிளாஸ் எங்கயோ போயிருச்சு.

நான் உடனே எறங்கி வண்டிக்கு அடியில பாத்தேன். முன் சக்கரத்து பிரேக் டிரம்முல இருந்து புகை வந்துக்கிட்டிருந்துச்சு. நான் சொன்னதுதான் சரி. தலையைத் தூக்கி, சம்பூர்ணம், டார்ச்சை எடுன்னேன். பழக்கம் பாருங்க. பகல்தான், ஆனா அடியில இருட்டு. வெளிச்சம் வரல. பாத்தா, அவ அந்தப் பக்கக் கதவு தொறக்காம, என் சீட்டு வழியா நகந்து எறங்கி, ரோட்டோரத்துல ஒரு கல்லு மேல உக்காந்திருக்கா. பின்னாடி வந்த பியட் நின்னு, டாக்டரம்மா அவ தோளைத் தொட்டுப் பாத்துக்கிட்டிருக்காங்க.

டாக்டரம்மா குத்திக்காட்டி ஒரு வார்த்தை சொல்லல. நான் எதிர்பாத்தேன், ஏதாவது சொல்லுவாங்கன்னு. பதில்கூடத் தயாரா வச்சிருந்தேன். அவங்க சம்பூர்ணத்தைக் கைத்தாங்கலா வண்டில உக்கார வச்சு, கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க. நீங்களும் வாங்க சார்னாங்க. காரைத் தனியா விட்டுட்டு எப்படிங்க போறது? மலை ரோடு. நான் அங்கயே நின்னேன். சாயங்காலம் டோவிங் வண்டி வர்ற வரைக்கும் நின்னேன்.

எலும்பு முறியலீங்க. தசைதான் கிழிஞ்சிருந்துச்சு. கட்டுப் போட்டு, அசைக்கக் கூடாதுன்னு சொல்லி, தேவகி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அங்கயே இருக்கட்டும், சரியானதும் கூட்டிட்டுப் போலாம்னு நானும் நினைச்சேன். கட்டு அவுத்தாச்சு. கை நல்லாத் தூக்கறா. வர மாட்டேங்கறா.

உங்க வண்டில வர மாட்டேன்னு சொன்னா அது ஒரு நியாயம். பஸ்ஸுல வரலாமில்லீங்களா? இதோ நாம வர்றோம், என்ன குறைச்சல்? கேட்டா, தேவகிக்கு ஒத்தாசையா இருக்குதும்பா, இங்க குளிருக்கு நல்லாத் தூக்கம் வருதும்பா. நான் வாராவாரம் இந்த பஸ் ஏறி வர்றேன். மருமகன் மாதிரி உக்கார வச்சு சாப்பாடு போடறாங்க. இவ எதிர்ல நின்னு பரிமாறறா. இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுங்களாங்கறா. இப்படி மனுசனைக் கொல்லாமக் கொல்றதுக்கு, நேரா ரெண்டு திட்டு திட்டிட்டா நல்லது.

பையன் போன் பண்ணி, அப்பா ஒரு ஸாரி சொல்லுங்கப்பாங்கறான். எதுக்கு ஸாரி? தப்பு எங்கன்னு மொதல்ல தெரியணுமில்லீங்களா? வண்டியைக் கோயமுத்தூர் கொண்டுவந்து, எல்லாரும் சொல்றாங்களேன்னு ஒரு பிரேக் கடைக்காரர்கிட்டக் குடுத்துப் பாத்தேன். அவரு பிரிச்சு, ரப்பரை என் உள்ளங்கையில வச்சாரு. பணியாரம் மாதிரி உப்பியிருந்துச்சு. எதுல கழுவுனீங்கன்னாரு. சொன்னேன். மண்ணெண்ணெய் பட்டா இந்த ரப்பர் ஊதிக்குமுங்க, ஊதுனா ஆயில் திரும்பாது, பிரேக் புடிச்சுக்கிட்டே சூடேறிரும்னாரு. நான் ஒத்துக்கலீங்க. அந்தக் காலத்து ரப்பரா இருந்தா தாங்கியிருக்கும். இப்ப வர்ற சரக்கு சரியில்ல. அதுதான் காரணம். நான் கழுவுனது காரணமில்ல.

இதை அவளுக்குப் புரிய வச்சுட்டா பிரச்சனை தீந்துரும்னு எனக்குத் தோணுச்சு. ஏன்னா அவ மனசுல நான் ஏதோ கவனக்குறைவா செஞ்சுட்டேன்னு இருக்குது. அப்படி இல்லேன்னு காட்டணும். அதனால போன வாரம் வரும்போது மாஸ்டர் சிலிண்டரைக் கழட்டிப் பையில போட்டுக் கொண்டு வந்தேன். ஆமாங்க, இதே பஸ்ஸுல, மடியில வச்சுக்கிட்டு.

தேவகி வீட்டுச் சாப்பாட்டு மேசையில பேப்பரை விரிச்சு, ஒவ்வொரு பாகமா வரிசையா வச்சேன். சம்பூர்ணத்தை எதிர்ல உக்காரச் சொன்னேன். தேவகியும் மனோகரனும் அடுக்களைப் பக்கம் ஒதுங்கிட்டாங்க. ஆயில் எப்படிப் போகுது, எப்படித் திரும்புது, இந்தச் சின்ன ஓட்டை அடைச்சா என்ன ஆகும், எல்லாம் பொறுமையாச் சொன்னேன். ரொம்ப நேரம் சொன்னேன். அவளும் கேட்டா. அவ நல்லாக் கேப்பாங்க, அதைச் சொல்லணும்.

கடைசியில, ஹேண்ட் பிரேக்கை மட்டும் நீ விட்டு விட்டு இழுத்திருந்தா மட்கார்டு தப்பிச்சிருக்கும், பரவால்ல, உனக்குத் தெரியாதுன்னேன். சமாதானமாத்தானுங்க சொன்னேன்.

இதாங்க அந்த வளைவு. உங்க பக்க ஜன்னல்ல பாருங்க. மண்ணு சரிஞ்சிருக்குது பாருங்க, அங்கதான் மோதுச்சு. இந்தப் பக்கம் பாருங்க பள்ளம். மரம்கூட இல்ல. பஸ்ஸுல இருந்து பாத்தா இன்னும் ஆழமாத் தெரியுது. அன்னிக்கு எனக்கு இவ்வளவு தெரியல.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங். பேப்பர் மேல இருந்த ஒரு ரப்பரை எடுத்து விரல்ல உருட்டிக்கிட்டே அவ கேட்டா, "நான் எதுக்கு அதை இழுத்தேன்னு நினைக்கறீங்க?"

வண்டியை நிறுத்தறதுக்குன்னேன்.

"இல்லீங்க. எனக்குப் பள்ளம் தெரிஞ்சுது. உங்க கையப் புடிச்சேன். நீங்க உதறி விட்டுட்டு மாஸ்டர் சிலிண்டர்தான் மாஸ்டர் சிலிண்டர்தான்னீங்க. புடிச்சுக்க வேற எதுவும் இல்ல. அது கைக்குக் கெடச்சுது, அதைப் புடிச்சுக்கிட்டேன்."

அவ்வளவுதானுங்க சொன்னா. சொல்லிட்டு, ரப்பரை இருந்த எடத்துலயே வச்சுட்டு, காபி போடறேன்னு எழுந்து போயிட்டா. கோபமில்ல, அழுகையில்ல. அழுதிருந்தாக்கூட ஏதாவது சொல்லியிருப்பேன்.

கியர் மாத்தணுமில்லீங்களா தம்பி? அந்தக் கையாலதானே கியர் மாத்தணும். அது மேல கை வச்சா உதறத்தான் வேணும். யாரா இருந்தாலும் உதறுவாங்க. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? சொல்லுங்க. நீங்களும் அதைத்தான் பண்ணியிருப்பீங்க. பிரேக்குன்னு தெரிஞ்சு அவ இழுக்கல பாருங்க, அப்ப நிறுத்துனது அவளும் இல்ல, நானும் இல்ல. நான் இத்தனை நாள் அவ தப்பா இழுத்தான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன். சங்கத்துலகூடச் சொன்னேன், குடும்பத்து ஆளுங்களுக்கும் ஹேண்ட் பிரேக் பயிற்சி குடுக்கணும்னு.

இன்னிக்குப் பையில ஒண்ணும் இல்லீங்க. பாகம் எதுவும் கொண்டு வரல. பிரேக்கை இனிமே நான் தொட மாட்டேன், கடைக்காரரே பாக்கட்டும்னு சொல்லலாம்னு ஒரு யோசனை. சொல்லிருவேன், அது எனக்குக் கஷ்டம்தான், ஆனாலும் சொல்லிருவேன். ஆனா அவ அதைக் கேக்கவே இல்லையே. அதுதான் எனக்குப் புடிபட மாட்டேங்குது.

நான் ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதது. அந்தப் பெடல் எப்படிக் கீழ போச்சுன்னு கேளுங்க, இப்பவும் என் கால்ல இருக்குது. கியர் எந்த எடத்துல உரசுச்சு, டயர் எந்தச் சத்தத்துல கத்துச்சு, டிரம்முல புகை என்ன நிறம், எல்லாம் சொல்லிருவேன். அவ கை என் கை மேல இருந்ததுன்னு சொல்றா பாருங்க, அது மட்டும் எனக்கு ஞாபகமே இல்லீங்க. ஒரு வாரமா கண்ணை மூடி யோசிக்கறேன். சில்லுன்னு இருந்துச்சா, நடுங்குச்சா, அழுத்திப் புடிச்சாளா, ஒண்ணும் வர மாட்டேங்குது. அவ பொய் சொல்றவ இல்ல. கை வச்சிருக்கா. எனக்குத்தான் தெரியல.

ஸ்டாண்டு வந்துருச்சுங்க. உங்க பை மேல இருக்குது, மறந்துறாதீங்க. நீங்க மொதல்ல எறங்குங்க தம்பி. நான் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எறங்கறேன்.